ஐயுறுவோர் பகைவர் அல்லர்

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் நிர்வாகத்தின்முன் வைத்த கோரிக்கைகள் வரலாற்று நூல்களில் பதிவாகியுள்ளன. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது ஒழிய வேண்டும். இவற்றினிடையே மற்றொன்றும் இருந்தது. துரைமாருக்கும் கிராணிமாருக்கும் எதிரில் மிதிவண்டியைவிட்டு இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்பதே அது.

சமதர்மத்தைப் பரப்ப முற்படுவோருள் பலர் இந்த வரியைப் படித்ததும் புன்னகையோடு கடந்துவிடுவர். கூலியும் கல்வியும் அவர்களுக்குப் புரிகின்றன. அவை நூல்களில் உள்ளவை. மிதிவண்டி எந்த நூலிலும் இல்லை. ஆனால் தொழிலாளியின் நெஞ்சில் ஆழத் தைத்திருந்த முள் அதுதான். விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, நண்பகல்வரை பால்மரத்தோடு போராடி, சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கிய வண்டியில் ஏறி மாலையில் புறப்படுகிறான் ஒருவன். எதிரே துரையின் தொப்பியைக் கண்டதும் அவன் இறங்கி ஒதுங்கி நிற்கவேண்டும். அதனால் அவன் கூலியில் ஒரு காசும் குறைவதில்லை, குறைவது வேறொன்று. அந்த வேறொன்றைக் கண்டறிந்து பட்டியலில் எழுதியவர்கள் மக்களை அறிந்தவர்கள். 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அத்தொழிலாளரோடு நின்றார். மே மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். படைகள் வரவழைக்கப்பட்டன, சிலாங்கூரில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். மூலதனம் என்னும் பெருநூலை அவர்கள் கண்ணால் கண்டிருக்கவும் மாட்டார்கள். ஆயினும் உரிமைக்கு உயிரை விலையாகத் தந்தார்கள்.

இன்று இந்நாட்டில் சமதர்மம் பேசுவோர் தொகை மிகச் சிறிது. அவர்களுள் தன்னலத்திற்காக வந்தவர் அரியர். இந்த வழியில் தன்னலத்திற்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. வாழ்நாளையே ஈந்தவர்கள் பலர். ஆனால் அவர்கள் கூடும் இடங்களில் ஒரு முறையீடு ஓயாமல் ஒலிக்கிறது. மக்கள் விழிப்படையவில்லை, அடிமைப் புத்தி அவர்களை விட்டுப் போகவில்லை, அரிசிப் பைக்கும் தேர்தல் நேரத்துச் சாலைக்கும் தங்களை விற்றுவிடுகிறார்கள் என்பது அம்முறையீடு. இது பிழையான பேச்சு. பிழை மட்டுமன்று, ஆணவமும் ஆகும். ஒரு வகுப்பில் மாணவர் ஒருவரும் தேறவில்லை என்றால், தலைமையாசிரியர் மாணவரை அழைத்து விசாரிப்பதற்கு முன் ஆசிரியரை அழைத்து விசாரிப்பார். மாணவர் மரமண்டைகள் என்று அந்த ஆசிரியர் விடை கூறுவாராயின், அவரைப் பற்றித் தலைமையாசிரியர் என்ன எண்ணுவார் என்பது ஆசிரியத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியாததன்று. அரசியலில் மட்டும் இந்த விடை எவ்வாறு மதிப்புடையதாயிற்று?

ஐயுறுவோர் யாது காரணத்தால் ஐயுறுகின்றனர் என்பதைச் சமதர்மத் தொண்டர்கள் உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவ்வையங்களுள் பெரும்பாலானவை பட்டறிவிலிருந்து முளைத்தவை என்பது விளங்கியிருக்கும். இதற்குச் சுங்கை சிப்புட்டைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பேராக் மாநிலத்து அந்தச் சிற்றூரின் அருகிலுள்ள தோட்டங்களில் 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையொட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தொழிலாளி கற்றுக்கொண்ட பாடம் யாது? லயங்களைச் சுற்றி முள்வேலி எழும்பியது. உணவுப் பொருள்கள் கணக்குப் பார்த்து அளக்கப்பட்டன. காட்டோரம் பால் வெட்டச் சென்றவனை இரவில் ஒரு துப்பாக்கியும் பகலில் மற்றொரு துப்பாக்கியும் விசாரித்தன. அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4ஆம் நாள் புடுச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். சங்கம், சமதர்மம், சிவப்பு என்னும் சொற்கள் அன்று முதல் தாய்மார் பிள்ளைகளைத் தடுக்கும் சொற்களாயின. அந்தத் தாய்மாரின் பேரப் பிள்ளைகள் இன்றைக்கு நடுவயதினர். வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்த அச்சம் ஒரு துண்டறிக்கையால் நீங்கிவிடாது.

அந்த அச்சம் பழங்கதையும் அன்று. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலேசிய சோசலிசக் கட்சியினர் முப்பதுபேர் பரப்புரைப் பயணமாகச் சென்றபோது பினாங்கில் கைது செய்யப்பட்டனர். மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுக்க முயன்றனர் என்ற ஐயத்தின்பேரில் அவர்கள் விசாரிக்கப்பட்டனர். அவர்களுள் அறுவர், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மருத்துவர் ஒருவர் உட்பட, அவசரகாலச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டு, ஜூலை இறுதியில்தான் விடுவிக்கப்பட்டனர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவருக்கே இதுவானால், மூன்று பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கும் காவலாளி துண்டறிக்கையை வாங்கத் தயங்குவதில் என்ன வியப்பு? அவன் கோழை அல்லன். கணக்குப் பார்க்கிறான். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது என்று அவனிடம் சொல்லலாம். ஆனால் அவன் வேலை போனால் மறுமாத வாடகையை யார் கொடுப்பார் என்பதற்கு விடை சொல்லாமல் துணிவு பற்றிச் சொற்பொழிவாற்றுவது அறமன்று. ஒருவனை நம்பச் செய்யப் புறப்பட்டவர், அந்நம்பிக்கைக்காக அவன் கொடுக்க வேண்டிய விலையை முதலில் தாம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அச்சத்தினும் வலிய ஐயம் மற்றொன்று உண்டு. அதைத் தொண்டர்கள் எதிர்கொள்ளும் முறைதான் யாவற்றினும் கேடானது. படித்த இளைஞன் ஒருவன் கேட்கிறான்: சமதர்மத்தின் பெயரால் ஆண்ட நாடுகளில் நடந்தவை யாவை? உக்ரேனில் 1932, 1933ஆம் ஆண்டுகளில் மக்கள் இலட்சக்கணக்கில் பட்டினியால் மாண்டனர். விளைந்த தானியத்தை அரசாங்கமே பறித்துக்கொண்டு போயிற்று. 1950களின் இறுதியில் சீனத்தில் பெரும் பாய்ச்சல் என்று பெயரிட்டுத் தொடங்கிய திட்டம் மனித வரலாற்றின் மிகக் கொடிய பஞ்சங்களுள் ஒன்றில் முடிந்தது. 1956இல் ஹங்கேரியில் சோவியத்துப் பீரங்கி வண்டிகளை எதிர்த்து நின்றவர்கள் முதலாளிகள் அல்லர். தொழிலாளர் மன்றங்களை அமைத்த ஆலைத் தொழிலாளர்கள். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்ததைச் சொல்லவே நாக்கூசும். இத்தனைக்கும் தொண்டர் கூறும் விடை பெரும்பாலும் ஒரே வரி: அது உண்மையான சமதர்மம் அன்று.

இது விடையாகாது. மருந்து நல்லது, கொடுத்த மருத்துவர்தாம் தீயவர் என்று ஒருவர் சொன்னால், நோயாளியின் உறவினர் அடுத்து என்ன கேட்பார்? அடுத்து வரும் மருத்துவரும் அப்படிப்பட்டவராக இருக்கமாட்டார் என்பதற்கு என்ன உறுதி என்றுதான் கேட்பார். அந்த உறுதியைச் சொல்லத் தெரியாதவர் அந்த வீட்டு வாசலில் ஏறவே கூடாது. சில தொண்டர்கள் இன்னும் ஒருபடி கீழிறங்கி, அச்செய்திகளெல்லாம் மேலை நாட்டார் கட்டிவிட்ட பொய் என்று வாதிடுகின்றனர். இவர்கள் சமதர்மத்திற்குச் செய்யும் தீங்கை எந்த முதலாளியும் செய்துவிட முடியாது. பிணங்களை மறைக்கும் ஒருவர் கூலியைப் பற்றிக் கூறும் உண்மையை மட்டும் எவன் நம்புவான்?

நேர்மையான விடை ஒன்று உண்டு, அது கடினமானது. அந்த ஆட்சிகளில் தொழிலாளியின் கையிலிருந்து முதலாளி பறித்தது போலவே கட்சியும் பறித்தது என்று ஒப்புக்கொள்வதே அதன் முதற்பகுதி. நெல்லை விளைவித்தவனுக்கு நெல்லின்மேல் உரிமை இல்லாமற் போனது. செய்தித்தாள் கட்சியின் கையில் இருந்தது. அது பஞ்சத்தைப் பஞ்சம் என்று எழுதவில்லை. தலைவரைத் தவறென்று சொல்லும் வாய் அடைக்கப்பட்டது. அதனால்தான் தவறு மலையாக வளர்ந்தது. இரண்டாம் பகுதி, இங்கே சமதர்மம் வேண்டுவோர் வாக்குரிமையையும் எதிர்க்கட்சியையும் தனித்து இயங்கும் தொழிற்சங்கத்தையும் தங்களுக்கு எதிராகவும் காத்து நிற்பார்கள் என்னும் வாக்குறுதி. நீங்கள் ஆட்சிக்கு வந்தபின் உங்களை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்ய எங்களுக்கு உரிமை உண்டா என்று ஒரு தொழிலாளி கேட்டால், தொண்டர் ஒரு கணமும் தயங்காமல் உண்டு என்று சொல்ல வேண்டும். தயங்குவாராயின் தொழிலாளியின் ஐயமே சரியானது. தொண்டர்தாம் மனம் மாற வேண்டியவர்.

எல்லார்க்கும் சமம் என்றால் எவன் வேர்வை சிந்துவான் என்பது திண்ணைகளில் அடிக்கடி கேட்கும் வினா. இதற்கு மனித இயல்பு பற்றிய தத்துவங்களை விரித்துப் பயனில்லை. இந்நாட்டுத் தோட்டத் தொழிலாளியின் வாழ்வே இதற்கு விடை. வேர்வை சிந்தியவன் அவன்; இலாபம் போய்ச் சேர்ந்தது பால்வெட்டும் கத்தியை ஒருநாளும் தொட்டறியாத லண்டன் பங்குதாரருக்கு. வேர்வைக்கு ஏற்ற வெகுமதி என்பது சமதர்மம் வந்தால் கெட்டுப்போகும் முறையன்று. இதுவரை இங்கே வராத முறை.

ஆனால் இவ்விடத்தில் ஐயுறுவோர் ஒரு மறுவினா வைத்திருக்கின்றனர், அது கூர்மையானது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள், மலேசிய அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல், லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திற்குள் கத்ரி நிறுவனத்தின் கட்டுப்பாட்டைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வெள்ளையர் நிறுவனம் நாட்டுடைமை போல ஆயிற்று. நாளேடுகள் கொண்டாடின. மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில் என்ன மாறியது? அதே மணி, அதே நிரை, அதே நாட்கூலி, அதே லயம். உடைமை லண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு இடம் பெயர்ந்தது. தொழிலாளி இருந்த இடத்திலேயே இருந்தான். அரசாங்கம் எடுத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் தொண்டரைப் பார்த்து அவன் சிரிப்பதற்கு இந்த நிகழ்ச்சி ஒன்றே போதும். அவன் சிரிப்பில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. உடைமைப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைவிட, கூலியையும் வேலை நேரத்தையும் வீட்டையும் தீர்மானிக்கும் அறைக்குள் தொழிலாளி நுழைய முடிகிறதா என்பதே வினா. இதைச் சொல்லத் தெரிந்த தொண்டர் அந்தச் சிரிப்பையே தம் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவருக்கு உதவ ஒரு சான்றும் அருகிலேயே இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் பிறந்து அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன் சமதர்மவாதி அல்லர். கூட்டணி அரசில் அமைச்சராக இருந்தவர். வெள்ளையர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாட, தொழிலாளி வேலையோடு வீட்டையும் இழந்து நின்ற காலத்தில், அவர் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளரிடமே திரட்டினார். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது, பின்னர்ப் பல. பால் வெட்டியவர்கள் தோட்டத்தின் பங்குதாரர்களாயினர். பின்னாளில் அச்சங்கத்தின் நடைமுறை பற்றி எத்தனை குறை கூறினாலும், படிப்பறிவில்லாத் தொழிலாளி பொது உடைமையை நம்பிப் பணம் கட்டினான் என்பது மறுத்தற்கில்லை. அவன் நம்பியது கொள்கையை அன்று. தன் வீடு போகாது என்பதை. சமதர்ம இயக்கத்தார் இதை முதலாளித்துவச் சீர்திருத்தம் என்று ஒதுக்கிவிட்டு வெளிநாட்டுப் புரட்சிகளின் தேதிகளை மனப்பாடம் செய்வது விந்தையிலும் விந்தை.

இனம் பற்றிய ஐயம் இந்நாட்டுக்கே உரியது. வர்க்கத்திற்கு இனமில்லை என்று தொண்டர் முழங்குகிறார். விண்ணப்பப் படிவத்தில் இனத்திற்குக் கட்டம் இருக்கிறதே என்று மாணவன் கேட்கிறான். இரண்டும் உண்மை. மலாய்க்காரரிடையே அகமது புஸ்தாமாம் தொடங்கிய மக்கள் கட்சியும், பெரும்பாலும் சீனர் ஆதரவைப் பெற்ற தொழிற்கட்சியும் 1957இல் சோசலிச முன்னணியாக இணைந்து, 1959 பொதுத் தேர்தலில் எட்டு நாடாளுமன்ற இடங்களைப் பெற்றன. இந்நாட்டில் இனங்கடந்த சமதர்மம் இயலாத கனவன்று என்பதற்கு அது சான்று. மொழி, கல்வி ஆகியவற்றில் எழுந்த பிணக்குகளையும் தாங்க முடியாமல் அம்முன்னணி 1960களின் நடுவில் உடைந்தது. வர்க்க ஒற்றுமை ஒன்றே போதும், மொழி உணர்வு தானே கரைந்துவிடும் என்ற எண்ணத்திற்கு அது மறுப்பு. தமிழ்ப்பள்ளியைக் காக்கப் போராடும் பெற்றோரைப் பார்த்து, இது குறுகிய இனவாதம் என்று சொல்லும் தொண்டர், 1941இல் கிள்ளான் தொழிலாளர் பிள்ளைகளின் கல்வியை ஏன் பட்டியலில் சேர்த்தனர் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

இனி மொழிக்கு வருவோம். திருவள்ளுவர் அவையறிதலை முன்னும் அவையஞ்சாமையைப் பின்னும் வைத்தார். இயக்கத் தொண்டர்கள் இரண்டாவதில் முதல் மதிப்பெண் பெறுவர். முதலாவதை அவர்கள் படித்ததேயில்லை. பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரம் என்னும் தொடரை எடுத்துக்கொள்க. ஜப்பானியர் ஆட்சியையும் அவசரகாலத்தையும் கண்ட குடும்பத்தில், சர்வாதிகாரம் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. அதற்கு முன் எந்த அடைமொழியை ஒட்டினாலும் அச்சம் குறையாது. உபரி மதிப்பு என்னும் சொல்லும் இத்தகையதே. பால் நிறுவையில் குறைத்து எழுதினார்கள் என்று சொன்னால் கிழவியும் கதை கதையாகச் சொல்வாள். உபரி மதிப்பு என்றால் பட்டதாரியும் கொட்டாவி விடுவான்.

தமிழ் மேடையில் இதை அறிந்தவர்கள் இல்லாமற் போகவில்லை. வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த திரு.வி.க., 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதில் முன்னின்றவர்களுள் ஒருவர். பெரம்பூர் ஆலைத் தொழிலாளரின் தொடக்கக் குறைகளுள் ஒன்று நண்பகல் உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. சோற்றை மென்று தின்ன நேரம் வேண்டும் என்ற வேண்டுகோளிலிருந்து ஒரு தொழிற்சங்கம் பிறந்தது. பொதுமை என்னும் எளிய தமிழ்ச்சொல்லை அவர் ஆண்டார். அச்சொல் எவரையும் அச்சுறுத்தவில்லை. ப. ஜீவானந்தம் கம்பனைப் பேசினார். கம்பனைக் கேட்க வந்தவர்கள் ஜீவாவையும் கேட்டுப் போனார்கள். குன்றக்குடி அடிகளார் திருநீறணிந்த நெற்றியோடு சமுதாய நீதி பேசினார். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவன்று கடவுள் இல்லை என்று சொல்லித் தொடங்கும் இளைஞர், அன்றைய கூட்டத்தை மட்டுமல்லாமல் அடுத்த இருபது ஆண்டுக் கூட்டங்களையும் கலைத்துவிடுகிறார். கடவுள் உண்டா இல்லையா என்பதை வாழ்நாள் முழுதும் விவாதிக்கலாம். கூலிச் சீட்டை இன்றைக்கே பார்க்க வேண்டும்.

அவை பிடிக்கவில்லை என்று அவையைவிட்டே வெளியேறியவர்களும் உண்டு. சிங்கப்பூரில் பாரிசான் சோசியாலிஸ் 1963இல் பதின்மூன்று இடங்களை வென்றது. அதன் தலைவர்கள் பலர் சிறையில் அடைக்கப்பட்டிருந்தனர் என்பதும், ஆட்டம் நேர்மையாக நடக்கவில்லை என்ற சினத்திற்குக் காரணம் இருந்தது என்பதும் உண்மையே. ஆனால் 1966இல் நாடாளுமன்றத்தைத் துறந்து, 1968 தேர்தலையும் புறக்கணித்தபோது, அக்கட்சி இழந்தது இருக்கைகளை மட்டுமன்று. சிந்தித்துக்கொண்டிருந்த இலட்சக்கணக்கான மக்களோடு பேசும் வாயிலையே இழந்தது. மலாயாத் தொழிற்கட்சியும் 1969 பொதுத் தேர்தலைப் புறக்கணித்தது. 1972இல் அதன் பதிவே நீக்கப்பட்டது. தெருவில் இறங்கினால் மக்கள் தாமே பின்தொடர்வர் என்று அவர்கள் நம்பினர். பின்தொடர்ந்தவர்கள் முன்னரே நம்பியிருந்தவர்கள். ஐயுற்றோர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டனர்.

இதுவரை கூறியவற்றைக் கேட்டுச் சிலர் ஒரு முடிவுக்கு வரக்கூடும். அப்படியானால் கொள்கையைப் பேசவே வேண்டாம். மக்கள் குறையைத் தீர்த்துக்கொண்டே இருந்தால் போதும். சமதர்மம் தானே வரும் என்பது அம்முடிவு. இதுவும் பிழை. முன்னைய பிழையைவிட இனிமையானது. ஆதலால் முன்னையதைவிட ஆபத்தானது.

மீண்டும் சுங்கை சிப்புட். 1974 முதல் அத்தொகுதியைத் தம் கையில் வைத்திருந்தவர் ம.இ.கா. தலைவர் ச. சாமிவேலு. அங்கே மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ் 1999இலும் 2004இலும் நின்று தோற்றார். தோற்றபின் போய்விடவில்லை. வெளியேற்றப்பட்ட தோட்டத் தொழிலாளரின் வீட்டுக்கும், நிலம் இழந்தோரின் வழக்குக்கும், மாதச் சம்பளக் கோரிக்கைக்கும் தொடர்ந்து நின்றார். 2008இல் 1,821 வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2013இல் மீண்டும் வென்றார். நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் தீவகற்பத்தில் 900 வெள்ளி என்று 2013இல் நடைமுறைக்கு வந்ததில், பல்லாண்டு தெருவில் நின்ற இத்தகையோரின் உழைப்பும் உண்டு. ஆனால் அவ்விரு வெற்றிகளும் மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில் கிடைத்தவை. 2018இல் அவர் தம் சொந்தக் கட்சியின் சின்னத்தில் நின்றபோது பெற்ற வாக்குகள் 1,505. வைப்புத் தொகையும் போயிற்று.

அவ்வாண்டு வீசிய மாற்ற அலையையும், வாக்குப் பிரிந்துவிடக் கூடாதென்று மக்கள் கணித்ததையும் காரணம் காட்டலாம். அவை மெய்யான காரணங்களே. ஆனாலும் அந்த எண் வேறு ஒன்றையும் சொல்கிறது. பத்தாண்டு காலம் தம் வீட்டு வாசலில் நின்ற ஒருவரை மக்கள் விரும்பினர், நம்பினர், அவர் நம்பியதை நம்பவில்லை. மருத்துவர் நல்லவர் என்பதற்கும் சமதர்மம் நல்லது என்பதற்கும் இடையே ஒரு பாலம் போடப்படாமலே இருந்தது. நன்றி வேறு, உடன்பாடு வேறு. நன்றியுடையவன் அடுத்த தீபாவளிக்கு முறுக்குக் கொண்டுவந்து கொடுப்பான். வாக்குச் சீட்டில் வேறிடத்தில் குறியிடுவான். அதில் முரண்பாடு இருப்பதாக அவன் கருதுவதில்லை, இருப்பதாக எவரும் அவனுக்கு எடுத்துக் கூறவும் இல்லை.

அந்தப் பாலத்தை எங்கே போடுவது? குறை தீர்ந்த அன்றைக்கே போட வேண்டும். குறை தீருமுன் பேசினால் அது வெற்றுரை. தீர்ந்து நெடுநாள் கழித்துப் பேசினால் அது பழங்கதை. கூலி உயர்ந்த மாதத்தில், புதிய சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளி மகிழ்ந்திருக்கும்போது, தொண்டர் அவனருகில் அமர்ந்து சில வினாக்களைக் கேட்கலாம். இத்தனை ஆண்டுகளாக இதைக் கொடுக்க முடியாது என்றார்களே, இப்போது எப்படி முடிந்தது? தனித்தனியே கேட்டபோது ஏன் கிடைக்கவில்லை? சட்டம் வரும்வரை இந்தப் பணம் யாரிடம் இருந்தது? விடையைத் தொண்டர் சொல்ல வேண்டியதில்லை. வினாவைக் கேட்டுவிட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தால் போதும். தொல்லை என்னவென்றால், சேவையாளர் அந்த நேரத்தில் அடுத்தவர் மனுவை நிரப்பப் போய்விடுகிறார். கொள்கையாளரோ அந்த வீட்டுக்கே வந்ததில்லை. இவ்விருவரும் ஒருவராக ஆகாதவரை 1,505 என்பது பெரிதாக ஏறப்போவதில்லை.

தோட்டங்கள் இன்று காலியாகிவிட்டன. செம்பனைக் காடுகளில் வேலை செய்வோர் பெரும்பாலும் வேற்று நாட்டார். தோட்டத்துப் பிள்ளைகள் நகர்ப்புற அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். காவல் வேலை, கனரக வாகனம் ஓட்டுதல், மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் துப்புரவு வேலை என்று சிதறியுள்ளனர். அரசாங்க மருத்துவமனையின் துப்புரவுப் பணி 1990களில் தனியாரிடம் போயிற்று. குத்தகையாளர் மாறும்போதெல்லாம் அதே கூடத்தை அதே கையால் கூட்டும் பெண், ஏட்டில் புதிய ஊழியர் ஆகிவிடுகிறார். இருபது ஆண்டு வேலை செய்தவரின் ஆண்டு விடுப்பு முதலாண்டுக்காரரின் விடுப்பாகச் சுருங்குகிறது. அவரிடம் போய் வரலாற்றுப் பொருள்முதல்வாதம் பேசுவோரும் இருக்கின்றனர். அவர் மனத்தில் உள்ளதோ, இத்தனை ஆண்டுகள் எங்கே போயின என்னும் ஒரே கேள்வி.

அவருடைய மகன் மோட்டார்ச் சைக்கிளில் உணவு கொண்டு போகிறான். அவனை இறங்கி நிற்கச் சொல்லும் துரை இன்று எந்தச் சாலையிலும் இல்லை. ஓர் உணவுப் பொட்டலத்திற்கு அவனுக்குக் கிடைக்கும் தொகை சென்ற மாதத்தைவிட இந்த மாதம் ஏன் குறைந்தது என்று அவன் கைத்தொலைபேசியைத் தட்டிப் பார்க்கிறான். அதைக் குறைத்தவர் யார், எந்த ஊரில் இருக்கிறார், எங்கே சென்று கேட்பது என்பது அவனுக்குத் தெரியாது. சமதர்மம் என்றால் என்ன என்று கேட்டால், அதெல்லாம் இந்தக் காலத்துக்கு ஆகாது என்பான். அந்தத் தொகையைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவான்.